பதினோரு நாள் தாழ்ப்பாள்

விவாகரத்து என்று கேட்டிருந்தால் ஊசிக்கு ஆறு மாதத்தில் அலுங்காமல் வேலை முடிந்திருக்கும். புருஷன் தயார், மாமியார் தயார், அவளுடைய சொந்தச் சித்தப்பா பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு தயார். இவள் ஒருத்திதான் முடியாது என்றாள். "எனக்கு விவாகரத்து வேண்டாம். இந்தக் கல்யாணமே செல்லாதுன்னு எழுதி வேணும்" என்று ஒரே பிடியாகப் பிடித்தாள். ரெண்டுக்கும் என்னம்மா பெரிய வித்தியாசம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "விவாகரத்துன்னா, கல்யாணம் ஒழுங்கா நடந்துச்சு, அப்புறம் ஒத்து வரலன்னு அர்த்தம். எனக்கு நடந்தது அது இல்ல. என்னை ஏமாத்திக் கூட்டிட்டுப் போனாங்க."

ஊசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஒல்லி உடம்பு, வாயைத் திறந்தால் சுருக்கென்று குத்தும், போதாக்குறைக்குத் தையல்காரி. பிறகு வேறு என்ன பெயர் நிற்கும்? பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது அவள் கடை. ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கும். புதுத்துணி தைக்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கலாம். தைத்ததைப் பிரித்து, விட்டு, பிடித்து, போட்டவருக்கே அடையாளம் தெரியாமல் சரிசெய்ய அவளை விட்டால் ஆள் இல்லை.

புருஷன் இன்ஷூரன்ஸ்காரன். பேச்சில் தேன் ஒழுகும். காலையில் ஷேவ் செய்யும்போது பாடுவான், அதுவும் சுருதியோடு. ஊசிக்கு அவனை நிஜமாகவே பிடித்திருந்தது. பிடிக்காதவன் ஏமாற்றியிருந்தால் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு போயிருப்பாள். பிடித்தவன் ஏமாற்றியதுதான் வயிற்றெரிச்சல்.

விஷயம் வெளிவந்தது ஒரு கோட்டால். கல்யாணமாகி ஏழாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாமியார் அலமாரியிலிருந்து மகனின் கல்யாணக் கோட்டை எடுத்து வந்து ஊசி வீட்டில் தைக்கிற மிஷின் அறையில் போட்டாள். அந்த வீட்டில் ஒரு பொத்தான்கூடக் குப்பைக்குப் போகாது. உடைந்த குடைக்கம்பிக்குக்கூட ஓர் இடம் உண்டு. "கல்யாணம் ஒண்ணு வருது. உன் புருஷனுக்கு வயிறு போட்டிருச்சு. இடுப்புல கொஞ்சம் விட்டுக் கொடு. வீட்டுல தையக்காரியை வெச்சுக்கிட்டு வெளியே எதுக்குக் கொடுக்கணும்?" என்றாள்.

ஊசி லைனிங்கைப் பிரித்தாள். உள்ளே ஏற்கெனவே ஒரு தடவை இடுப்பை விட்டுத் தைத்த தடம் இருந்தது. அட, எட்டு மாதம்கூட ஆகாத கோட்டில் இது எப்படி என்று யோசித்துக்கொண்டே உள்பையின் அடியைப் பார்த்தாள். கோட்டு தைக்கிற கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. சாதாரண வாடிக்கையாளருக்கு நாள் தள்ளிப் போகலாம். மாப்பிள்ளைக்குத் தள்ளக் கூடாது. அதனால் மாப்பிள்ளை கோட்டு என்றால் ஆள் பெயரையும் கல்யாணத் தேதியையும் வெள்ளைத் துணிப்பட்டியில் எழுதி உள்பைக்குக் கீழே தைத்துவிடுவார்கள். கொடுக்கும்போது பிரித்து எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைக்காரர் மறந்துவிட்டார். பட்டி அப்படியே இருந்தது. அவன் பெயர், 'மாப்பிள்ளை', ஒரு தேதி. தன் கல்யாணத்துக்குச் சரியாக ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி.

இரவல் கோட்டாக இருக்கலாம், பெயர் ஒற்றுமையாக இருக்கலாம் என்று மனசு ஆயிரம் சமாதானம் சொல்லிப் பார்த்தது. "அத்தை, இது யாராவது போட்ட கோட்டா?" என்று கேட்டாள்.

மாமியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரோ போட்டதை என் பையன் போடுவானா? அவனுக்குன்னே அளவெடுத்துத் தச்சது. அவனைத் தவிர ஒரு ஆள் உடம்புல ஏறினதில்ல!"

அத்துடன் சமாதானங்கள் முடிந்தன.

மறுநாள் காலை, கோட்டின் காலர் முத்திரையில் பெயர் இருந்த அந்தக் கடைக்குப் போனாள். கட்டிங் மாஸ்டர் பட்டியைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். பட்டியை எடுக்காமல் விட்டதுதான் அவருக்கு அவமானம். "அந்தக் கல்யாணத்துக்கு நானே போயிருந்தேனேம்மா. பொண்ணு மருந்துக்கடையில வேலை பாக்குது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ல" என்றார். அங்கிருந்து நேரே மருந்துக்கடை.

அங்கே இருந்தவள் முப்பது வயதுக்காரி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, சீட்டைக் கேட்பது போல் கையை நீட்டினாள். ஊசி துணிப்பட்டியை அதில் வைத்தாள். மருந்துக்கடை அக்கா அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினாள்.

"உன்கிட்ட சொல்லலையா?" என்றாள்.

"இல்லக்கா."

"எங்களுக்கு விவாகரத்து ஆகி மூணு வருஷம் ஆச்சு. என்கிட்டயும் நிறைய மறைச்சாங்க. சண்டை எதுக்கு, பரஸ்பர சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுன்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. போட்டுட்டேன். காரணம்னு ஒரு வரி இல்ல அந்தத் தாள்ல. கருத்து வேறுபாடு, அவ்வளவுதான்." பட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் அன்னைக்கு வாயைத் திறந்திருந்தா நீ இன்னைக்கு இங்க வந்திருக்க மாட்டே. மன்னிச்சுடும்மா."

ஊசி மருந்துக்கடை வாசலில் நின்று அழுதாள். தெருவே பார்த்தது. பார்க்கட்டுமே!

அந்த விவாகரத்து உத்தரவு அக்காவின் அம்மா வீட்டில், வேறு ஊரில் இருந்தது. தபாலில் வந்து சேரப் பதினோரு நாள் ஆகிவிட்டது. அதுவரை ஊசி வீட்டில் மூச்சு விடவில்லை. கையில் தாள் இல்லாமல் கேட்டால் பூசி மெழுகிவிடுவார்கள், தாயும் மகனுமாகச் சேர்ந்து அவளையே பைத்தியக்காரி ஆக்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவசர வேலை என்று சொல்லி மிஷின் அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள். பன்னிரண்டாம் நாள் தாளை உணவு மேஜையில் விரித்து வைத்துவிட்டு, தன் மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வக்கீலம்மா விவரமானவர். ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் சட்டத்தைப் புட்டுப் புட்டு வைத்தார். "கல்யாணத்தை ரத்து பண்ணக் காரணம் வேணும். மிரட்டிக் கட்டி வெச்சது, முதல் கல்யாணம் உயிரோட இருக்கும்போதே கட்டினது, முக்கியமான விஷயத்தை மறைச்சு சம்மதம் வாங்கினது, இப்படி. உனக்கு மூணாவது. பதிவு ஆபீஸ் படிவத்துல 'இதற்கு முன் மணமானவரா'ன்னு கேட்டதுக்கு 'இல்லை'ன்னு அவன் கையாலயே எழுதியிருக்கான். அது போதும். தெரிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள மனு போடணும். அதுவும் சரி. ஆனா..."

"ஆனா?"

"தெரிஞ்ச பிறகும் அவனோட மனசு ஒப்பி புருஷன் பொண்டாட்டியா வாழ்ந்திருந்தா மனு தள்ளுபடி. நீ பதினோரு நாள் அந்த வீட்லயே இருந்திருக்கே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு பண்ணலாம். தபால் வந்த அன்னைக்குத்தான் தெரிய வந்துச்சுன்னு எழுதிடறேன். தாள் கைக்கு வந்தப்பதானே உறுதியாச்சு? அது பொய்யும் இல்ல."

ஊசி தட்டச்சான மனுவை வாங்கி, அந்த வரியில் விரலை வைத்தாள். "எனக்குத் தெரிஞ்சது மருந்துக்கடை வாசல்ல. புதன்கிழமை."

"அப்படி எழுதினா எதிர்த்தரப்பு உன்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க."

"கட்டட்டும்மா. அவன் படிவத்துல ஒரு வார்த்தை பொய் எழுதினான்னுதானே கேஸ் போடறோம்? நானும் ஒரு வரி வளைச்சு எழுதிட்டு எந்த மூஞ்சியோட கூண்டுல ஏறுவேன்?"

"தோத்துட்டா?"

"தோத்தா தோத்துட்டுப் போறேன். புதன்கிழமைன்னு எழுதுங்க."

வக்கீலம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். எழுதினார்.

மனு, நோட்டீஸ், எதிர்மனு, அப்புறம் சமரச அறை என்று எட்டு மாதம் ஓடியது. சமரச அறையில் ஒரு வட்ட மேஜையும் காகிதப் பூவும் இருந்தன. அங்கே சித்தப்பாதான் அதிகம் பேசினார். சம்பந்தத்தைப் பேசி முடித்தவரே அவர்தான். குடும்பத்தில் எந்தச் சண்டை என்றாலும் 'சுமுகமா முடிச்சிடலாம்' என்று வந்து நிற்பார். "பரஸ்பர சம்மதம்னு போட்டா ரெண்டு வீட்டு மானமும் தப்பும்மா" என்றார். "என் மானம் நல்லாத்தான் இருக்கு சித்தப்பா. அவங்க மானத்துக்கு நான் ஏன் ஒட்டுப் போடணும்?" என்றாள் ஊசி. அம்மா மட்டும் மேஜைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விசாரணை நாள் வந்தது. நீதிமன்ற அறை சின்னது. மின்விசிறி ஒன்று கடகடவென்று சுற்றியது. எதிர்த்தரப்பு வக்கீல் ஊசியைக் கூண்டில் ஏற்றி நேரே அந்த இடத்துக்கே வந்தார்.

"புதன்கிழமையே தெரிஞ்சிருச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதுக்கப்புறம் பதினோரு நாள் அதே வீட்ல. சரியா?"

"சரி."

"அப்போ அவரை மன்னிச்சு ஏத்துக்கிட்டீங்க."

"இருந்தேன். ஏத்துக்கல. தனி அறையில தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் படுத்தேன்."

"சாட்சி?"

"தாழ்ப்பாள்தான்."

"தாழ்ப்பாளைக் கூண்டுல ஏத்த முடியாதேம்மா!" என்றார் அவர். அறை சிரித்தது. ஊசிக்குக் காது மடல் எரிந்தது. கூண்டிலிருந்து இறங்கி வந்து வக்கீலம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

அடுத்து இன்ஷூரன்ஸ்காரன். முதல் கல்யாணம் முடிந்துபோன பழைய கதை, சொல்லியே ஆக வேண்டிய அளவுக்கு முக்கியமில்லை என்று தேனாகப் பேசினான். வக்கீலம்மா அவன் தொழிலைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒருத்தர் பழைய ஆபரேஷனை மறைச்சு பாலிசி எடுத்தா? அதுவும் முடிஞ்சுபோன கதைதானே?"

பதினைந்து வருஷப் பழக்கம், வாய் தானாக ஓடிவிட்டது. "இல்லைங்க, கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லலைன்னா பாலிசி ஆரம்பத்துலேர்ந்தே செல்லாது." சொல்லி முடித்த பிறகுதான் தான் நிற்கிற இடம் அவனுக்கு ஞாபகம் வந்தது. நீதிபதி எழுதிக்கொண்டார். அத்துடன் மறைத்த விஷயம் ஒரு கரைக்கு வந்துவிட்டது. பதினோரு நாள் மட்டும் மலை மாதிரி நின்றது.

கடைசிச் சாட்சி மாமியார். இத்தனை நேரமும் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் உள்ளே பேசியது எதுவும் அவளுக்குத் தெரியாது. கூண்டில் ஏறி, பாடம் பண்ணியதை அப்படியே ஒப்பித்தாள். "அந்தப் பதினோரு நாளும் ரெண்டு பேரும் சந்தோஷமாத்தான் இருந்தாங்க."

வக்கீலம்மா எழுந்தார். ஊசி அவர் கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தாள். காதோடு சொன்னாள்: "அம்மா, சண்டை போடாதீங்க. அத்தைகிட்ட என்னைப் பத்தி நல்லதாச் சொல்லுங்க. ஏழு மாசத்துல ஒருத்தர் என்னைப் புகழ்ந்து அவங்க சும்மா விட்டதே இல்ல."

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு போய் நின்றார்.

"அம்மா, உங்க மருமகள் நல்ல பொறுப்பான பொண்ணு, இல்லையா?"

"ம்" என்றாள் மாமியார், வேண்டாவெறுப்பாக.

"முக்கியமா அந்தக் கடைசிப் பதினோரு நாள். வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செஞ்சிருப்பாங்க."

மாமியார் வாயை இறுக்கிக்கொண்டாள்.

"உங்களை உட்கார வெச்சு கவனிச்சிருப்பாங்க. உங்க பையனைத் தலையில தூக்கி வெச்சு நடத்தியிருப்பாங்க. இப்படி ஒரு மருமகள் கிடைக்க நீங்க கொடுத்து வெச்சிருக்கணும்மா."

அவ்வளவுதான். "யாரு? இவளா?" மாமியார் கூண்டின் கட்டையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "இந்த அம்மாவுக்கு என்ன தெரியும்! அந்தப் பதினோரு நாளும் இவ மிஷின் ரூம்ல போய் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு விடிஞ்சாத்தான் வெளியே வருவா. என் பையன் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போச்சு! திறந்தாளா? ஒரு வாய் தண்ணி மொண்டு கொடுத்தாளா? முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினாளா? அவனைத் தலையில தூக்கி வெச்சாளாம்! சுவரைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டுப் போவா. பொண்டாட்டி மாதிரியா இருந்தா? வாடகைக்கு வந்தவகூட இதைவிட ஒட்டுறவா இருப்பா!"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "அம்மா, அம்மா" என்றார். எங்கே நிற்கும்? இன்ஷூரன்ஸ்காரன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

நீதிபதி பேனாவை எடுத்தார். "கொஞ்சம் நிதானமாச் சொல்லுங்கம்மா. பதினோரு நாளும் தனி அறையிலதான் இருந்தாங்களா?"

"பின்னே பொய்யா சொல்றேன்? அக்கம் பக்கத்துல வேணும்னா கேட்டுப் பாருங்க!"

இடைவேளை கேட்டு வாங்கினார் எதிர்த்தரப்பு வக்கீல். வராந்தாவில் அஞ்சு நிமிஷத்துக்குள் சமாதானத் தூது வந்தது. இன்றைக்கே பரஸ்பர விவாகரத்துக்கு மனு. எழுதிக் கையெழுத்துப் போட்டால் இந்தக் கூண்டு, விசாரணையிலிருந்து ஊசி விடுதலை. சித்தப்பா ஓடோடி வந்தார். "ஜெயிச்ச மாதிரிதானேம்மா! தீர்ப்புன்னு போனா நீதிபதி எப்படி எழுதுவாரோ, யாருக்குத் தெரியும்? ஒரு அம்மா கோபத்துல பேசினதை நம்பி இருக்க முடியுமா? போட்டுடு, நிம்மதியா வீட்டுக்குப் போலாம்."

ஊசிக்கு ஆசையாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் அவளுக்கு உடம்பில் தெம்பே இல்லை. ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தோற்றுவிட்டால் சட்டப்படி அவள் அவன் மனைவியாகவே இருப்பாள்.

இன்ஷூரன்ஸ்காரனே பக்கத்தில் வந்து நின்றான். தேன் இல்லாத குரலில் பேசினான். "உன்னை நான் ஒரு குறையும் இல்லாமத்தானே வெச்சிருந்தேன். ஏன் இப்படிப் படுத்தறே?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லாத்தான் வெச்சிருந்தீங்க. எனக்கும் உங்களைப் பிடிச்சிருந்துச்சு. முதல் நாளே வந்து, 'எனக்கு ஒரு கல்யாணம் ஆகி முறிஞ்சு போச்சு, சம்மதமா'ன்னு கேட்டிருந்தா சரின்னுகூட சொல்லியிருப்பேன். நீங்க கேக்கவே இல்லையே. கேக்காம எடுத்துக்கிட்டீங்க."

சித்தப்பா பேனாவை நீட்டியபடியே நின்றார்.

"மருந்துக்கடை அக்கா கையெழுத்துப் போட்ட அன்னைக்கும் பக்கத்துல ஒரு சித்தப்பா பேனாவோட நின்னிருப்பாரு" என்றாள் ஊசி. "அவங்க போட்டாங்க. அதனாலதான் நான் மாட்டினேன். நான் போட மாட்டேன்." வக்கீலம்மாவிடம் திரும்பினாள். "உள்ள போலாம்மா. அவர் என்ன எழுதறாரோ எழுதட்டும்."

தீர்ப்புக்கு ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுக்க அவள் தைத்த எல்லாமே கோணலாகப் போயிற்று. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கால்சட்டையில் இடது காலை இரண்டு தடவை குட்டையாக்கிவிட்டாள். பாவம், அந்த மனுஷன் ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டு போனார்.

தீர்ப்பு நாளில் நீதிபதி தலையை நிமிர்த்தாமல் வாசித்தார். எதிர்மனுதாரர் தன் முந்தைய திருமணத்தை மறைத்து, ஏமாற்றி, மனுதாரரின் சம்மதத்தைப் பெற்றிருக்கிறார். உண்மை தெரிந்த பின் மனுதாரர் அவருடன் மனைவியாக வாழவில்லை என்பது எதிர்மனுதாரரின் தாயார் சாட்சியத்தாலேயே விளங்குகிறது. தனக்குப் பாதகமாகும் என்று தெரிந்தும் மனுதாரர் தேதியை மறைக்காமல் சொன்னதை இந்த நீதிமன்றம் கவனத்தில் கொள்கிறது. ஆகவே இத்திருமணம் செல்லாது.

அம்மா சத்தமாக அழுதுவிட்டாள். வக்கீலம்மா ஊசியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். சந்தோஷத்தில் அவருக்குக் கை நீளும். ஊசி மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'ஏமாற்றி' என்ற அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. இத்தனை மாதமாக அவளைத் தவிர ஊரில் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை. இப்போது அது அரசாங்கத் தாளில், முத்திரையோடு வரப் போகிறது.

நகல் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. கம்பி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா, பெரிய மேஜை விசிறிக்கு முன்னால் தாள் பறக்காமல் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார்.

"எத்தனை நகல்ம்மா?"

"மூணு."

"மூணு எதுக்கு? பதிவு ஆபீசுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. ரெண்டு போதும்" என்றபடியே இரண்டு என்று எழுதினார்.

"மூணாவது, அடுத்தாப்ல அந்த வீட்டுக்குப் பொண்ணு கொடுக்கப் போறவங்களுக்கு" என்றாள் ஊசி. "யாருன்னு இன்னும் தெரியல. மருந்துக்கடை அக்காகிட்ட கொடுத்து வெக்கறேன். விசாரிச்சுட்டு வந்தா அங்க வாங்கிக்கட்டும்."

குமாஸ்தா அவளை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மூன்று என்று எழுதினார்.